வகுப்பறைக்குக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது, எங்கே போக வேண்டும்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நீங்கள், ஆண்டிறுதி நெருங்கும்போது அலுவலக நண்பர்கள் டோனர்ஸ்சூஸ் என்ற இணையதளம் வழியாக அரசுப் பள்ளி வகுப்பறைகளுக்கு நன்கொடை அளிப்பதைப் பார்த்து, அந்தப் பணம் உண்மையிலேயே பிள்ளைகளிடம் போய்ச் சேருகிறதா, இடையில் எவ்வளவு கழிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, இவ்வளவு வசதியான நாட்டில் ஓர் ஆசிரியர் பென்சிலுக்கும் காகிதத்துக்கும் முகம் தெரியாதவர்களிடம் கேட்டு நிற்க வேண்டிய நிலை ஏன் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். முதல் கேள்விக்குக் கணக்கைக் காட்டிப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, நாம் கொடுப்பது ஒரு குறையைத் தீர்க்கிறதா, அல்லது அந்தக் குறையை வெளியே தெரியாமல் மூடிவைக்க உதவுகிறதா என்பதையே நீங்கள் அறிய விரும்புகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அதற்கே விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

நான் அமெரிக்க அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். இத்தளத்தில் திட்டங்களை, அதாவது வகுப்புக்கு வேண்டிய பொருட்களைக் கேட்கும் வேண்டுகோள்களை, பதிவிட்டுப் பொருட்களைப் பெற்றிருக்கிறேன்; தொகை நிறையாமல் காலாவதியான திட்டங்களும் எனக்கு உண்டு; பிற ஆசிரியர்களின் திட்டங்களுக்கு என் கையிலிருந்தும் கொடுத்து வருகிறேன். நான் தணிக்கையாளரோ பொருளியல் அறிஞரோ அல்ல. எனவே வகுப்பறைப் பக்கத்திலிருந்து பார்க்கக்கூடியவற்றை உறுதியாகவும், ஆய்வாளர்கள் சொன்னவற்றை அவற்றுக்குரிய எல்லைக்குள் நிறுத்தியும் சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. இத்தளத்தில் நீங்கள் கொடுப்பது ஆசிரியரின் கைக்குப் பணமாக வருவதில்லை, பொருளாகவே வருகிறது. ஆசிரியர் தம் பள்ளியின் பெயரில் கணக்குத் தொடங்கி, தளம் ஏற்பாடு செய்திருக்கும் விற்பனையாளர்களின் பட்டியலிலிருந்து தமக்கு வேண்டியவற்றை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கிறார்: சிறு வெண்பலகை முப்பது, எழுதி அழிக்கும் பேனா நான்கு பெட்டி, இரைச்சலைக் குறைக்கும் காதுமூடி ஆறு என்று எண்ணிக்கையும் விலையும் அதிலேயே நின்றுவிடும். பிறகு அவை எதற்காக, தம் மாணவர்கள் எப்படிப்பட்டவர்கள், பொருள் வந்ததும் என்ன செய்யப்போகிறார் என்பதைச் சிறு கட்டுரையாக எழுத வேண்டும். தளத்தின் சார்பில் ஒருவர் அதைப் படித்துச் சரிபார்த்த பிறகே அது பொதுமக்கள் பார்வைக்கு வரும். தொகை நிறைந்ததும் ஆசிரியர் மறுபடி உறுதி செய்ய, தளமே பொருட்களை வாங்கிப் பள்ளி முகவரிக்கு அனுப்புகிறது. பெட்டி எங்கள் பள்ளி அலுவலகத்துக்கு வந்ததும் எழுத்தர் கையெழுத்திட்டு வாங்கிவைத்து, ஒரு சீட்டை என் தபால் அறையில் செருகிவிடுவார். உள்ளே இருப்பது டேப்லெட் போன்ற மின்னணுச் சாதனம் என்றால், எங்கள் பள்ளி மாவட்டத்தின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) தொழில்நுட்பப் பிரிவு அதன் முதுகில் சொத்து எண் ஒட்டிப் பதிவு செய்த பிறகுதான் அது பிள்ளைகள் கைக்கு வரும். அந்தப் பொருட்கள் பள்ளியின் உடைமை, ஆசிரியரின் சொந்தப் பொருள் அல்ல. பொருள் வந்த பிறகு வகுப்பறைப் படங்களையும் நன்றிக் கடிதத்தையும் ஆசிரியர் பதிவேற்ற வேண்டும். அதைச் செய்யாதவர் புதுத் திட்டம் கேட்பது கடினமாகிவிடும். பொதுவான நிதி திரட்டும் தளங்களில் ஒருவருடைய வங்கிக் கணக்குக்கே பணத்தை அனுப்பிவிட்டு, அவருடைய நேர்மையை நம்பிக் காத்திருப்பதோடு ஒப்பிட்டால், இங்கே ஏமாற்றுவதற்கான இடம் மிகக் குறைவு.

கழிவைப் பற்றி. ஒவ்வொரு திட்டத்தின் பக்கத்திலும் செலவு வரிவரியாகக் காட்டப்பட்டிருக்கும்: பொருளின் விலை, அனுப்பும் செலவு, விற்பனை வரி இருந்தால் அது, அட்டை வழிப் பணம் பெறுவதற்கான கட்டணம், ஆணையை நிறைவேற்றும் வேலைக்கான ஒரு சிறு தொகை. இவற்றுக்கு வெளியே, தளத்தை நடத்தும் செலவுக்காக 15 விழுக்காடு தரும்படி நன்கொடையாளருக்குப் பரிந்துரைக்கப்படும். அது கட்டாயமல்ல, கட்டும் திரையிலேயே குறைக்கலாம், முழுவதுமாக நீக்கவும் செய்யலாம். பலர் இதைக் கண்டதும் முகம் சுளிக்கிறார்கள். டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் ஜோனதன் மீர் இத்தளத்தின் தரவைக் கொண்டு 2014-இல் வெளியிட்ட ஆய்வும், இத்தகைய கூடுதல் செலவு ஏற ஏறத் திட்டம் நிறைவேறும் வாய்ப்பு குறைகிறது என்றே கண்டது. ஆனாலும் நான் கொடுக்கும்போது அதை நீக்குவதில்லை. திட்டத்தைப் படித்துப் பார்ப்பவரும், ஆணை போடுபவரும், உடைந்து வந்த பொருளுக்கு மாற்று வாங்கித் தருபவரும் இருப்பதால்தான் நீங்கள் கேட்ட அந்தச் "சேருகிறதா" என்ற கேள்விக்கு என்னால் ஆம் என்று சொல்ல முடிகிறது.

இந்த ஏற்பாடு தொடங்கிய விதமும் அதன் இயல்பைக் காட்டும். நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் கற்பித்த சார்லஸ் பெஸ்ட் என்ற இளம் ஆசிரியர் 2000-ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார். முதல் வேண்டுகோள்களை எழுதியவர்கள் அவருடைய சக ஆசிரியர்கள். 2007-இல் நாடெங்கும் உள்ள அரசுப் பள்ளிகளுக்கு இது திறந்துவிடப்பட்டது. அன்றிலிருந்து இதன் வழியாக வகுப்பறைகளுக்குச் சென்ற தொகை 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. 2018 மார்ச்சில் ரிப்பிள் என்ற நிறுவனம் ஏறத்தாழ 2.9 கோடி டாலர் மதிப்புள்ள மெய்நிகர் நாணயத்தைக் கொடுத்து, அன்று தளத்தில் இருந்த முப்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட திட்டங்களை ஒரே நாளில் நிறைவேற்றியது. எந்த ஆசிரியர் அறையிலும் அன்று அதைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் பட்டியல் மறுபடி நிரம்பிவிட்டது. நிரம்பாமல் எப்படி இருக்கும்? தேவை ஒருமுறை வந்து போகிற ஒன்றல்ல, ஒவ்வொரு கல்வியாண்டும் புதிதாகப் பிறப்பது.

ஏன் பிறக்கிறது என்பதுதான் உங்கள் இரண்டாவது வரி. அமெரிக்க அரசுப் பள்ளிகளுக்கு வரும் பணத்தில் கூட்டாட்சி அரசின் பங்கு வழக்கமான ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதியை மாநிலமும் உள்ளூரும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன. உள்ளூர்ப் பணத்தின் பெரும்பகுதி சொத்து வரி. வீட்டு மதிப்பு உயர்ந்த இடத்தில் பள்ளிக்கு வருவாய் எளிதில் வருகிறது; வீட்டு மதிப்பு தாழ்ந்த இடத்தில் வரி விகிதத்தை ஏற்றினாலும் அந்த அளவுக்கு வருவதில்லை. இது முறையற்றது என்று டெக்சஸில் மெக்சிக்க வம்சாவளிப் பெற்றோர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1973-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கல்வி கூட்டாட்சி அரசமைப்பு காக்கும் அடிப்படை உரிமை அல்ல என்று தீர்ப்பாயிற்று. பின்னர் பல மாநிலங்களில் மாநில நீதிமன்றங்கள் வழியாகச் சில திருத்தங்கள் வந்தன; மாநில அரசுகள் ஏழைப் பகுதிகளுக்குக் கூடுதல் பணம் அனுப்புவதும் உண்டு. ஆனாலும் மாநிலத்துக்கு மாநிலம் உள்ள இடைவெளியே பெரிது: 2022 நிதியாண்டில் ஒரு மாணவருக்கு நியூயார்க் மாநிலத்தில் ஏறத்தாழ 30,000 டாலர் செலவான அதே நேரத்தில் யூட்டாவிலும் ஐடஹோவிலும் 10,000 டாலருக்குக் கீழேதான் செலவாயிற்று. வாழ்க்கைச் செலவில் உள்ள வேறுபாடு இதில் ஒரு பங்கை விளக்கும், முழுவதையும் விளக்காது.

இதில் நம்மவர்களுக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. நம்மில் பெரும்பாலோர் இங்கே வீடு வாங்கும்போது முதலில் பார்ப்பது பள்ளியின் மதிப்பெண்ணைத்தான். பத்துக்கு ஒன்பது என்று இருந்தால் கூடுதல் விலை கொடுத்தாவது அங்கே வாங்குகிறோம். அந்தக் கூடுதல் விலை அந்தப் பள்ளி மாவட்டத்தின் வரி வருவாயை மேலும் வலுப்படுத்துகிறது. அதைத் தவறென்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்கு நல்லதைத் தேடுவது பெற்றோரின் கடமை. ஆனால் நீங்கள் வியக்கும் அந்த ஏற்றத்தாழ்வு எங்கோ தொலைவில் யாரோ செய்துவைத்த ஒன்றல்ல, நம் வீட்டுக் கடன் பத்திரத்திலும் அது எழுதப்பட்டிருக்கிறது.

வசதியான மாவட்டத்தில்கூட வகுப்பறைப் பொருட்களுக்குத் தட்டுப்பாடு வருவதற்கு இன்னொரு காரணம் உண்டு. பள்ளியின் நடைமுறைச் செலவில் ஐந்தில் நான்கு பங்கு சம்பளமும் சலுகைகளுமே. கட்டடம், பேருந்து, மின்சாரம் போக, ஆசிரியர் தாமே தீர்மானித்து வாங்குவதற்கென எஞ்சும் தொகை மிகச் சிறியது. செலவைக் குறைக்க வேண்டிய ஆண்டில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான். கூட்டாட்சிக் கல்வித் துறையின் புள்ளிவிவர மையம் எடுத்த கணக்குப்படி, 2014–15 கல்வியாண்டில் அரசுப் பள்ளி ஆசிரியர்களில் 94 விழுக்காட்டினர் திருப்பித் தரப்படாத சொந்தப் பணத்தை வகுப்பறைக்குச் செலவிட்டிருக்கிறார்கள். அப்படிச் செலவிட்டவர்களின் சராசரி 479 டாலர். இதற்காக வருமான வரியில் ஆசிரியருக்குக் கிடைக்கும் கழிவு 2002 முதல் 250 டாலராக இருந்து, 2022-இல்தான் 300 ஆயிற்று. ஆக, நீங்கள் கொடுக்கும் பணம் பல நேரங்களில் அரசின் பணத்துக்கு மாற்றாக அல்ல, ஆசிரியையின் சொந்தப் பணத்துக்கு மாற்றாகவே வந்து உட்காருகிறது. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

அப்படியானால், தனியார் கொடை அரசுக்குச் சாக்காகிவிடாதா? இங்கே உறுதி குறைகிறது. நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் 80,000 கோடி டாலருக்கும் மேல் செலவாகிறது. இத்தளத்தின் வழியாக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்ததை ஒரே ஆண்டில் கொட்டினாலும் அதில் ஒரு துளிதான். அதைக் காட்டி எந்தச் சட்டமன்றமும் கல்வி ஒதுக்கீட்டைக் குறைத்துவிட முடியாது. ஆனால் பள்ளி அளவில் நிலைமை வேறு. 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஏழை மாணவர்களுக்கென வரும் டைட்டில் ஒன் நிதி, மாநில, உள்ளூர்ப் பணத்தோடு கூடுதலாகச் சேர வேண்டுமே தவிர அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. நன்கொடைக்கு அத்தகைய வேலி இல்லை. எல்லா ஆசிரியர்களும் இணையத்தில் கேட்டே வாங்கிக்கொள்கிறார்கள் என்ற நிலை வந்துவிட்டால், காகிதத்துக்கும் புத்தகத்துக்கும் ஒதுக்கியதை நிர்வாகம் வேறு எதற்கோ திருப்புவது இயல்பாக நடக்கக்கூடியது. எவ்வளவு நடக்கிறது என்பதை அளப்பது கடினம், ஏனெனில் ஒதுக்காமல் விட்ட தொகை எந்தக் கணக்கிலும் தனி வரியாக எழுதப்படுவதில்லை.

சிறப்புக் கல்வியில் இந்தச் சிக்கல் கூர்மையானது. உடற்குறையோ கற்றல் குறைபாடோ உள்ள பிள்ளைக்குத் தேவையான உதவியைக் கட்டணமின்றித் தருவது கூட்டாட்சிச் சட்டப்படி பள்ளி மாவட்டத்தின் கடமை. அந்தப் பிள்ளைக்கெனப் பள்ளி எழுதிவைக்கும் தனிக் கல்வித் திட்டத்தில் குறிக்கப்பட்ட ஒரு கருவியை ஆசிரியர் பொதுமக்களிடம் கேட்கிறார் என்றால், மாவட்டம் தன் கடமையைச் செய்யவில்லை என்று பொருள். மேலும், கட்டுரையில் குறைபாட்டை விவரிக்கும்போது பிள்ளை யாரென்று அடையாளம் தெரிந்துவிடும் ஆபத்தும் உண்டு. சிறப்புக் கல்வி நிர்வாகிகளின் அமைப்பே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. 2018-இல் ஒஹாயோ மாநிலத் தணிக்கையாளர், இணையவழி நிதி திரட்டலுக்கு ஒவ்வொரு மாவட்டமும் எழுத்து வடிவில் விதி வகுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். முன் அனுமதி இல்லாமல் கேட்கக் கூடாது என்று சொல்லும் மாவட்டங்கள் உண்டு. அவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று நினைக்க வேண்டாம். இந்தக் காரணங்களும் அவர்கள் முன் இருக்கின்றன.

இதனால் மாணவர்களுக்குக் கிடைக்கும் பயனைப் பற்றியும் அளவோடு பேச வேண்டும். பென்சில்வேனியா மாநிலப் பள்ளிகளின் தேர்வு முடிவுகளையும் இத்தளத்தின் தரவையும் இணைத்துப் பார்த்த ஓர் ஆய்வு, திட்டங்கள் நிறைவேறிய பள்ளிகளில் முன்னேற்றம் இருப்பதாகக் கண்டது. மகிழ்ச்சியான செய்திதான். ஆயினும் முயன்று எழுதிக் கேட்கும் ஆசிரியர் உள்ள பள்ளி, மற்ற வழிகளிலும் முயன்றுகொண்டிருக்கும். அதைப் புள்ளியியலால் முற்றாகப் பிரித்தெடுப்பது எளிதல்ல. வகுப்பறையிலிருந்து நான் சொல்லக்கூடியது இதைவிடச் சிறியது, ஆனால் திடமானது. ஒரே கதைப் புத்தகத்தின் ஆறு பிரதிகள் கையில் இருந்தால், ஆறு பிள்ளைகளை அரைவட்டமாக உட்காரவைத்து ஒவ்வொருவரும் தம் பிரதியில் விரல் வைத்து வாசிப்பதைக் கேட்க முடியும்; யார் எந்த எழுத்துக்கூட்டில் தடுக்குகிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். ஒரு பிரதி மட்டும் இருந்தால் நான் வாசிப்பேன், அவர்கள் கேட்பார்கள். பாடம் நடந்ததாகத்தான் கணக்கு, ஆனால் அவர்கள் வாசிக்கவில்லை. அந்த ஐந்து பிரதிகளின் விலை ஒரு குடும்பம் வெளியே சாப்பிடும் செலவுக்குள் அடங்கிவிடும்.

இனி, என் பதிலில் நான் மிகவும் முக்கியமாகக் கருதும் பகுதி. பணம் சேருகிறதா என்பதில் எனக்கு ஐயமில்லை. யாரிடம் சேருகிறது என்பதில்தான் கவலை. இத்தளம் கேட்பவருக்குக் கொடுக்கிறது. நன்றாக ஆங்கிலம் எழுதும், நல்ல படம் எடுக்கும், சமூக ஊடகத்தில் வசதியான நண்பர்களைக் கொண்ட ஆசிரியரின் திட்டம் சில நாட்களில் நிறைவேறிவிடுகிறது. என் பள்ளிக்குப் பக்கத்து மாவட்டத்தில் ஓர் ஆசிரியை, நாற்பது நிமிடப் பயணம் செய்து வந்து, மாலையில் இரண்டாவது வேலைக்கும் போகிறவர், "குழந்தைகளுக்குப் பசைக்குச்சியும் கத்தரிக்கோலும் தேவை" என்ற அளவிலேயே தம் கட்டுரையை முடித்திருந்தார். அதில் கதையில்லை, உருக்கமில்லை. திட்டத்துக்கான கெடு நான்கு மாதம். கெடு முடிந்தும் தொகை நிறையவில்லை. அதுவரை கொடுத்தவர்களின் பணம் வீணாகவில்லை, வேறு திட்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் வரவாக அவர்களிடமே திரும்பியது. ஆனால் அந்த வகுப்புக்குக் கத்தரிக்கோல் வரவில்லை. அதே வாரத்தில், வேறிடத்தில் முப்பரிமாண அச்சு இயந்திரம் ஒன்று எளிதாக நிறைவேறியது.

ஆகவே கொடுங்கள், ஆனால் தளம் முதல் பக்கத்தில் காட்டுவதைச் சொடுக்கிவிட்டு எழுந்துவிடாதீர்கள். வறுமை அளவு மிக அதிகமான பள்ளிகளை மட்டும் காட்டும்படி தேடலை வடிகட்ட முடியும்; இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெறும் மாணவர்களின் பங்கே அதற்கு அடிப்படை. அதில் கெடு நெருங்கியும் தொகை நிறையாதவற்றைப் பாருங்கள். கட்டுரையின் அழகை விட்டுவிட்டுப் பொருட்பட்டியலைப் படியுங்கள். புத்தகம், காகிதம், கணிதத் துண்டுகள், குளிர்காலக் கையுறை போன்ற சலிப்பூட்டும் பொருட்களைக் கேட்டிருக்கிறார்கள் என்றால் அங்கே தேவை உண்மையானது என்று நான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வேன். இதுவரை ஒரு திட்டமும் நிறைவேறாத ஆசிரியராக இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் முதல் திட்டம் நிறைவேறியவர் மறுபடி கேட்கத் துணிவார். நிறைவேறாதவர் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. விலையுயர்ந்த மின்னணுச் சாதனமாக இருந்தால், பழுது பார்ப்பதும் மென்பொருள் உரிமத்தைப் புதுப்பிப்பதும் யார் பொறுப்பு என்பதைக் கட்டுரையில் தேடுங்கள். அது இல்லாத இடங்களில் அச்சாதனங்கள் இரண்டு ஆண்டில் அலமாரிக்குள் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சில திட்டங்களுக்கு ஒரு நிறுவனமோ அறக்கட்டளையோ "நீங்கள் ஒரு டாலர் கொடுத்தால் நாங்களும் ஒரு டாலர்" என்று இணைத்தொகை அறிவித்திருக்கும். இதனால் மற்றத் திட்டங்களுக்குப் போக வேண்டிய பணம் இங்கே இழுக்கப்பட்டுவிடும் என்று நானும் அஞ்சியதுண்டு. மேலே சொன்ன மீர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, அப்படி இழுக்கப்பட்டதற்குச் சான்று இல்லை என்று காட்டியது. எனவே அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம். அதைவிட முக்கியமாக, உங்கள் நிறுவனம் ஊழியரின் நன்கொடைக்கு ஈடாகத் தானும் கொடுக்கும் திட்டம் வைத்திருக்கிறதா என்று மனிதவளப் பிரிவின் பக்கத்தில் பாருங்கள். பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவற்றில் இது உண்டு. நம்மவர்கள் பலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். அந்த ஈட்டுத்தொகைக்குப் பெரும்பாலும் ஆண்டு உச்சவரம்பும் கடைசித் தேதியும் இருக்கும், ஆதலால் டிசம்பர் கடைசி வாரம் வரை தள்ளிப்போட வேண்டாம். வரியைப் பொறுத்தவரை, டோனர்ஸ்சூஸ் பதிவுபெற்ற அறக்கொடை அமைப்பு என்பதால் அதற்குக் கொடுப்பதற்கு வரிக்கழிவு உண்டு. தனி ஆசிரியரின் பொருள்விருப்பப் பட்டியலிலிருந்து நீங்களே வாங்கி அனுப்புவதற்குப் பெரும்பாலும் கிடையாது. 250 டாலரோ அதற்கு மேலோ ஒரே தடவையில் கொடுத்தால் எழுத்துவடிவ ஒப்புகை கையில் இருக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டு வரிச் சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலான குடும்பங்கள், செலவுகளைத் தனித்தனியே காட்டாமல் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் நிலையான கழிவையே எடுத்துக்கொள்வதால், இந்தக் கழிவு உங்களுக்கு எவ்வளவு பயன்தரும் என்பதை உங்கள் வரிக் கணக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் மாவட்டத்தின் பள்ளி வாரியக் கூட்டங்கள் பொதுவில் நடப்பவை. வரவு செலவுத் திட்டம் வசந்த காலத்தில் விவாதத்துக்கு வரும்போது குடியுரிமை இல்லாதவரும் பெரும்பாலான இடங்களில் எழுந்து பேசலாம். அங்கே வகுப்பறைப் பொருட்களுக்கு ஒரு மாணவருக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது, சென்ற ஆண்டு எவ்வளவு இருந்தது என்ற இரண்டு எண்களை மட்டும் கேளுங்கள். வாக்குரிமை உள்ளவராக இருந்தால், மாநிலத் தேர்தலில் பள்ளி நிதிப் பங்கீட்டுச் சூத்திரத்தைப் பற்றி வேட்பாளர் என்ன சொல்கிறார் என்றும் பாருங்கள். பக்கத்து மாவட்டத்து ஆசிரியைக்குக் கத்தரிக்கோல் கேட்காமலே கிடைப்பது அந்தச் சூத்திரத்தைப் பொறுத்தது. அது மாறும்வரை அவருடைய அடுத்த வேண்டுகோள் தளத்தில் நான்கு மாதம்தான் இருக்கும்.